ட்ரோனின் அடையாளத்தைப் படிக்கலாம். திரையின் படத்தை அனுப்பினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் ட்ரோன் பறப்பது இப்போது புதினமில்லை. கோணேசர் கோயில் திருவிழா, நிலாவெளிக் கடற்கரை, கல்யாண மண்டப முற்றம் என்று எங்கேயும் அதன் இரைச்சல் கேட்கிறது. "அது யாருடையது என்று எப்படித் தெரியும்?" என்ற பேச்சும் கூடவே கேட்கிறது. முகநூலில் வானத்துக் கறுப்புப் புள்ளி ஒன்றின் படம் ஏறும். அதன் கீழே படையினர், உல்லாசப் பயணி, கள்ளன் என்று ஆளுக்கொரு ஊகம் எழுதுவார்கள். ஊகிக்கவே தேவையில்லாத சந்தர்ப்பங்கள் பல உண்டு என்பதைச் சொல்லவே இக்கடிதம். அண்மைக்கால ட்ரோன்களில் பல, தங்கள் தொடரிலக்கத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் இயக்குபவர் பற்றிய விவரத்தையும் பறக்கும்போதே வைஃபை, புளூடூத் அலைகளில் ஒளிவுமறைவின்றி ஒலிபரப்புகின்றன. அதைக் கேட்கும் மென்பொருள்கள் திறந்த மூலமாக, இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் கேட்டதை நாலு பேர் நம்ப வேண்டுமானால், காற்றில் வந்த பைட்டுகளை (0 முதல் 255 வரையான எண்களாக வரும் மூலத் தரவை) வந்தபடியே சேமிக்க வேண்டும். கைத்தொலைபேசித் திரையைப் படமெடுத்து அனுப்புவது அதற்கு ஈடாகாது.

இந்த ஒலிபரப்புக்கு ரிமோட் ஐடி என்று பெயர். செய்தியின் வடிவத்தை வரையறுப்பது ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் எஃப்3411 என்ற தரநிலை. அதன் முதற் பதிப்பு 2019 இல் வந்தது. அமெரிக்காவில் பதிவுக்குட்பட்ட ட்ரோன்களை இயக்குவோர் 2023 செப்டெம்பர் 16 முதல் இதற்கு இணங்க வேண்டும் என்பது விதி. நடவடிக்கை எடுப்பதில் காட்டிய தளர்வு 2024 மார்ச் 16 உடன் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வகுப்பு முத்திரை பெற்ற பெரும்பாலான ட்ரோன்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். யப்பானில் 2022 யூனில் தொடங்கியது. அந்தச் சந்தைகளுக்காகச் செய்த பொருள்தான் பயணப்பொதிக்குள் உப்புவெளிக்கும் வந்து சேர்கிறது. நிற்கும் நாட்டைப் பார்த்து ஒலிபரப்பை அணைத்துக்கொள்ளும் ட்ரோனும் இருக்கலாம்; வீட்டில் பொருத்திய ட்ரோன், பழைய ட்ரோன் எதுவும் சொல்லாமலே பறக்கும். ஆகவே ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்த வேண்டும்: திரையில் ட்ரோன் தெரிந்தால் அது ஒரு தகவல். திரை வெறுமையாக இருந்தால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

செய்தி நாலு வழிகளில் வரலாம். புளூடூத் 4 இன் பழைய வகை விளம்பரப் பொதி (இணைப்பில்லாமலே எல்லாருக்கும் அனுப்பும் சிறு தரவுக் கட்டு), புளூடூத் 5 இன் தூரவீச்சு வகை, வைஃபை பீக்கன் (வைஃபை கருவி திரும்பத் திரும்ப அனுப்பும் அறிவிப்பு), வைஃபை நான் (NAN, அயற் கருவிகள் ஒன்றையொன்று கண்டறியும் முறை) ஆகியவையே அவை. ஒரு ட்ரோன் இவற்றில் ஒன்றை மட்டும் பயன்படுத்தக்கூடும். எனவே ஒரேயொரு வழியைக் கேட்கும் கருவியை வைத்துக்கொண்டு "ஒன்றுமே வரவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எந்த வழியில் வந்தாலும் உள்ளே இருக்கும் செய்தி ஒன்றுதான்: 25 பைட்டுகள். புளூடூத் 4 பொதியில் மொத்தம் 31 பைட்டுகளுக்குத்தான் இடம். அதைத் தசம எண்ணில் எழுதிப் பார்த்தால் 30, 22, 250, 255, 13 என்று தொடங்கும். 30 என்பது பின்னால் வரும் நீளம். 22 என்பது சேவைத் தரவு என்ற வகை. 250, 255 இரண்டும் ரிமோட் ஐடிக்கு ஒதுக்கிய சேவை இலக்கம். 13 என்பது பயன்பாட்டுக் குறியீடு. ஆறாவது பைட்டு ஓர் எண்ணி. அடுத்தடுத்த செய்திக்கு ஒவ்வொன்றாகக் கூடும். மிச்சம் 25. வைஃபை பீக்கனில் 221 என்ற இலக்கமுள்ள தயாரிப்பாளர் கூறைத் தேட வேண்டும். அதற்குள் 250, 11, 188 என்று வந்து அடுத்தது 13 ஆக இருந்தால் அது ரிமோட் ஐடி. அங்கேயும் எண்ணி வரும். அதன் பின் பல செய்திகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு பொதி இருக்கும். மூன்று பைட்டுத் தலைப்பு, பிறகு 25 பைட்டுச் செய்திகள், கூடியது ஒன்பது.

25 பைட்டில் முதலாவதை 16 ஆல் வகுத்தால் ஈவு செய்தியின் வகை, மீதி பதிப்பு. 2 வந்தால் வகை 0, அதாவது அடையாளம். 18 வந்தால் வகை 1, இருப்பிடம். 66 வந்தால் வகை 4, இயக்குபவர் பற்றியது. 82 வந்தால் வகை 5, இயக்குபவரின் பதிவிலக்கம். 242 வந்தால் கட்டிய பொதி. மீதியாக எல்லாவற்றிலும் 2 வருவது 2022 இல் திருத்திய பதிப்பைக் காட்டும்.

இருப்பிடச் செய்தியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். முதற் பைட்டை 0 என்று எண்ணினால், அகலாங்கு 5 முதல் 8 வரையும் நெட்டாங்கு 9 முதல் 12 வரையும் இருக்கும். சிறிய பைட்டு முதலில் வரும். அகலாங்கு இடத்தில் 0, 146, 29, 5 என்று வந்திருக்கிறது என்று வைப்போம். பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். 5 ஐ 1,67,77,216 ஆலும், 29 ஐ 65,536 ஆலும், 146 ஐ 256 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 8,58,24,000 வரும். அதை ஒரு கோடியால் வகுத்தால் 8.5824 பாகை. நெட்டாங்கு இடத்தில் 88, 20, 109, 48 என்று இருந்தால் கூட்டுத்தொகை 81,24,55,000, அதாவது 81.2455 பாகை. வரைபடத்தில் இரண்டையும் குறித்தால் சுவாமிமலை உச்சியில் கோணேசர் கோயிலடியில் வந்து நிற்கும். பைட்டு வரிசையை மாற்றிப் படித்த நிரல் இதே எண்களை வேறெங்கோ கொண்டுபோய்ப் போடும். உங்கள் மென்பொருள் சரியா என்று அறிய இந்த எட்டு எண்களையே அதற்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

திசையிலும் ஒரு பொறி உண்டு. திசைக்கான பைட்டு 0 முதல் 179 வரைதான் போகும். மேற்குப் பக்கமாகப் பறந்தால் அதற்கு முந்திய பைட்டில் உள்ள ஒரு பிட் (பைட்டின் எட்டுக் கூறுகளில் ஒன்று, 0 அல்லது 1) 1 ஆகும். அப்போது 180 ஐக் கூட்ட வேண்டும். அந்தப் பிட்டைப் பாராமல் விட்டால், கடலிலிருந்து கரைக்கு வந்த ட்ரோன் கரையிலிருந்து கடலுக்குப் போனதாகத் தெரியும். படைமுகாம்கள் உள்ள ஊரில் இது சின்னப் பிழையல்ல. வேகம் சாதாரணமாகச் செக்கனுக்கு நாலில் ஒரு பங்கு மீற்றர் என்ற அலகில் வரும்; 1 ஆம் பைட்டில் உள்ள பெருக்கிப் பிட் 1 ஆனால் அலகு மாறும். அந்தப் பிட் 1 ஆகவும் வேகப் பைட்டு 255 ஆகவும் இருந்தால் வேகம் தெரியாது என்றுதான் பொருள். ட்ரோன் பேய்வேகத்தில் பறந்தது என்பதல்ல.

உயரத்தைப் படிப்பதில் திருகோணமலைக்காரர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டு பைட்டு எண்ணைப் பாதியாக்கி 1000 ஐக் கழித்தால் உயரம் மீற்றரில் வரும். 52, 8 என்றால் 2100, பாதி 1050, 1000 போக 50 மீற்றர். 0 என்று வந்தால் விடை கழித்தல் 1000. அதற்கு உயரம் தெரியவில்லை என்று அர்த்தம். ஆனால் செய்மதியை வைத்துக் கணிக்கும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளப்பதல்ல. பூமியைச் சீரான நீள்கோளமாக எடுத்துக்கொண்ட ஒரு கணித மேற்பரப்பிலிருந்து அளப்பது. உலகிலேயே கடல்மட்டம் அந்த மேற்பரப்புக்கு மிகக் கீழே கிடக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான் இருக்கிறது. அங்கே பள்ளம் ஏறத்தாழ 106 மீற்றர். நமது கரையிலும் அது 90 மீற்றருக்கு மேல். எனவே கடலுக்கு 50 மீற்றர் மேலே பறக்கும் ட்ரோனின் செய்மதி உயரம் கழித்தல் 40 அல்லது 45 என்று வரும். இதைப் பார்த்துக் கருவி பழுது என்று நினைத்துவிடக் கூடாது. அதைவிடப் பிழையான காரியம், கழித்தல் குறியை நீக்கிவிட்டு அறிக்கையில் எழுதுவது. புறப்பட்ட இடத்திலிருந்தோ தரையிலிருந்தோ எவ்வளவு உயரம் என்ற எண் 17, 18 ஆம் பைட்டுகளில் தனியாக வரும். முறைப்பாட்டுக்கு அதுவே பயன்படும். எந்த உயரம் என்பதை ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

நேரமும் அப்படித்தான். 21, 22 ஆம் பைட்டுகள், மணி பிறந்து எத்தனை செக்கன் ஆயிற்று என்பதைப் பத்திலொரு செக்கன் கணக்கில் சொல்லும். அந்த மணி கிறீன்விச் மணி. நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் போவதால் அரை மணி விலகும். காலை 10.15 க்கு நமது கடிகாரத்தில் மணி பிறந்து 15 நிமிடம், ட்ரோனுக்கோ 4.45, அதாவது 45 நிமிடம். பைட்டில் 27,000 என்று இருக்கும். முழு மணி வித்தியாசமுள்ள நாடுகளில் எழுதிப் பரிசோதித்த நிரல்களில் இந்தப் பிழை வெளிப்படாமலே கிடக்கும். இங்கே ஓடவிட்ட உடனே 30 நிமிடம் தவறும்.

இனிக் கருவிகள். ஒரே இடத்தில் நிரந்தரமாக வைத்துக் கேட்பதற்கு ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி ஒன்று, 32 ஜீபி அட்டை ஒன்று, கண்காணிப்பு நிலைக்கு (எந்த வைஃபையிலும் இணையாமல் வருவதையெல்லாம் கேட்கும் நிலைக்கு) மாறக்கூடிய யூஎஸ்பி வைஃபை அடப்டர் ஒன்று, சிசி2652பி சில்லு உள்ள சிக்பீ யூஎஸ்பி குச்சி இரண்டு போதும். ராஸ்பெரி பையோடு வரும் வைஃபை சாதாரண இயக்கியில் கண்காணிப்பு நிலைக்குப் போகாது. தனி அடப்டர் கேட்பது அதனால்தான். மீடியாடெக் எம்டி7612யு சில்லு 2.4, 5 கிகாஹேட்ஸ் இரண்டையும் கேட்கும். லினக்ஸ் கேர்னலிலேயே அதற்கான இயக்கி இருக்கிறது. ஏதெரொஸ் ஏஆர்9271 நம்பகமானது, ஆனால் 2.4 மட்டும். குச்சிகளில் ஸ்னிஃபிள் என்ற திறந்த மூல நிலைபொருளை ஏற்ற வேண்டும். ஒரு குச்சி ஒரு நேரத்தில் பழைய வகையையோ தூரவீச்சு வகையையோதான் கேட்கும். இரண்டு குச்சி வேண்டியிருப்பது அதற்காகவே.

வைஃபை பக்கத்துக்குக் கிஸ்மெட் என்ற திறந்த மூல மென்பொருள் போதும். முதலில் அந்த அடப்டரைக் கணினியின் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வேர்க் மனேஜர் தொடாதபடி விலக்கிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இடையிடையே அடப்டரைப் பிடுங்கி வீட்டு வைஃபையில் இணைக்கப் பார்க்கும். நாட்டுக் குறியீட்டை இலங்கை என்று வைக்க வேண்டும். பிறகு கண்காணிப்பு நிலை, பிறகு சனல். வைஃபை நான் வகைக்கு 6 ஆம் சனல், அதாவது 2437 மெகாஹேட்ஸ். 5 கிகாஹேட்ஸில் 149 ஆம் சனல், 5745 மெகாஹேட்ஸ். பீக்கன் எந்தச் சனலிலும் வரலாம் என்பதால் எல்லாச் சனலிலும் தாவிப் பார்ப்போம் என்றுதான் பலருக்கும் தோன்றும். கணக்குப் போட்டால் அது எவ்வளவு மோசம் என்று தெரியும். 13 சனல், ஒவ்வொன்றிலும் 200 மில்லிசெக்கன் என்றால் ஒரு சுற்றுக்கு 2.6 செக்கன். செக்கனுக்கு ஒரு செய்தி வந்தால் பதின்மூன்றில் ஒன்றுதான் கையில் கிடைக்கும். செக்கனுக்கு 15 மீற்றர் பறக்கும் ட்ரோன், அடுத்த செய்தி கிடைக்கும்வரையான அந்த 13 செக்கனில் ஏறத்தாழ 200 மீற்றர் போய்விடும். 6 ஆம் சனலில் ஓர் அடப்டரை அசையாமல் நிறுத்திவிட்டு, வசதி இருந்தால் இரண்டாவதைத் தாவவிடுவதே நல்லது.

புளூடூத் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு வேறு. கணினியின் புளூடூத் மென்பொருள் ஒரே முகவரியிலிருந்து வரும் பொதிகளை மறுபிரதி என்று எண்ணி வடிகட்டிவிடும். பழைய வகையில் அடையாளம் ஒரு பொதியிலும் இருப்பிடம் இன்னொரு பொதியிலும் வருவதால், முதல் வந்தது மட்டும் தங்கும். தொடரிலக்கம் தெரிகிறது, இடம் தெரியவில்லை என்று முறையிடுகிறவர்கள் முதலில் இந்த வடிகட்டியை அணைக்க வேண்டும். முகவரி மாறிக்கொண்டும் போகலாம். அதனால் ஒரு முகவரி ஒரு ட்ரோன் என்று எண்ணாமல், தொடரிலக்கத்தை வைத்துச் சேர்க்க வேண்டும். தொடரிலக்கத்தின் முதல் நாலு எழுத்துகள் தயாரிப்பாளர் குறியீடு. 1581 என்றால் சீன ட்ரோன் நிறுவனமான டிஜேஐ. அடுத்த ஓர் எழுத்து, மிச்சம் எத்தனை எழுத்து என்பதைச் சொல்லும். அந்த எண்ணிக்கை பொருந்தாவிட்டால் பொதி கெட்டது, அல்லது யாரோ கையால் எழுதியது.

விளம்பரச் சனல் மூன்றில் எதைக் கேட்பது என்பதிலும் இடத்துக்கேற்ற முடிவு வேண்டும். 37 ஆம் சனல் 2402 இலும் 38 ஆம் சனல் 2426 இலும் 39 ஆம் சனல் 2480 மெகாஹேட்ஸிலும் இருக்கின்றன. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் வைஃபை பெரும்பாலும் 1, 6, 11 இல்தான் இருக்கும். 37 ஆம் சனல் அவற்றில் 1 இன் ஓரத்திலும் 38 ஆம் சனல் 6 இன் ஓரத்திலும் போய் மாட்டும். 39 ஒதுங்கி நிற்கிறது. ட்ரோன் மூன்றிலும் ஒரே செய்தியைச் சொல்வதால் 39 ஐ மட்டும் கேட்டால் போதும்.

அன்ரெனா விடயத்தில் கூடிய டெசிபெல் உள்ளதை வாங்கினால் தூரம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சுற்றிவரக் கேட்கும் 9 டெசிபெல் அன்ரெனாவின் வீச்சு மேலும் கீழும் மிக ஒடுங்கியது. தொலைவில் தாழப் பறப்பது நன்றாகக் கேட்கும், தலைக்கு மேலே நிற்பது கேட்காது. கோயிலடி போல மலைக்கு மேலே பறக்கும் இடத்தில் 2 முதல் 5 டெசிபெல்லே பொருத்தம். அதைவிடக் கேபிள் முக்கியம். ஆர்ஜி58 கேபிள் இந்த அலைவரிசையில் மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் தின்னும். கூரையிலிருந்து 10 மீற்றர் இறக்கினால் அன்ரெனா பிடித்ததில் பத்தில் ஒன்றுதான் கீழே வரும். அடப்டரை அன்ரெனாவோடு மேலே வைத்து, யூஎஸ்பியையோ ஈதர்நெட் கம்பியையோ இறக்குங்கள். அடப்டரை யூஎஸ்பி 2 துளையில் செருகுங்கள். யூஎஸ்பி 3 கருவிகளும் கம்பிகளும் 2.4 கிகாஹேட்ஸில் இரைச்சலைக் கக்குவது எல்லாரும் அறிந்த குறை.

திறந்த வெளியில் ஒரு கிலோமீற்றருக்கு 2437 மெகாஹேட்ஸ் அலை 100 டெசிபெல் இழக்கும். தூரம் இரட்டித்தால் இன்னும் 6. ட்ரோன் 100 மில்லிவாற் அனுப்பினால், ஒரு மில்லிவாற்றை 0 ஆக வைத்து அளக்கும் கணக்கில் ஒரு கிலோமீற்றரில் கழித்தல் 80 டெசிபெல் அளவில் வந்து சேரும். அது நல்ல அளவு. கடற்கரையில் தடையில்லாமல் இதைவிடத் தூரமும் கேட்கலாம். நகருக்குள் ஒரு கொங்கிறீற் மாடி குறுக்கே வந்தாலே கதை மாறும். புளூடூத் பழைய வகைக்குச் சில நூறு மீற்றர்தான் எதிர்பார்க்கலாம்.

உப்புக்காற்று இங்கே பெரிய எதிரி. அன்ரெனாவைத் திருகும் எஸ்எம்ஏ இணைப்பி பச்சை பிடித்தால் சைகை மெல்ல மெல்லக் குறையும். திடீரென்று நிற்காததால் ஒருவரும் கவனிப்பதில்லை. இணைப்பியைச் சுற்றித் தானே ஒட்டும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றுங்கள். பெட்டியின் அடியில் மூன்று மில்லிமீற்றர்த் துளை ஒன்று விடுங்கள். முற்றாக மூடிய பெட்டிக்குள் ஈரம் வியர்த்துத் தங்கும். இன்னொன்று மின்தடை. ராஸ்பெரி பை 4 இல் பற்றரியோடு கூடிய கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்து இணையமும் கிடைக்காவிட்டால், பழைய நேரத்தில் பதிவைத் தொடரும். டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றைச் சேர்த்தால் அது தீரும். இயக்குபவர் பற்றிய செய்தியில் 2019 ஜனவரி 1 முதல் எண்ணிய செக்கன் தொகை வருவதால், அதோடு ஒப்பிட்டு உங்கள் கடிகாரம் எவ்வளவு விலகியது என்று பின்னாலும் சரிபார்க்கலாம்.

கைத்தொலைபேசி மட்டும் இருந்தால்? ஓப்பன் ட்ரோன் ஐடி என்ற அண்ட்ரொயிட் செயலியைப் போட்டு இருப்பிட அனுமதியும் கொடுத்தால் பழைய புளூடூத் வகையை அனேகமாக எல்லாத் தொலைபேசியும் கேட்கும். தூரவீச்சு வகையை எல்லாம் கேட்காது. வைஃபை பீக்கனில் அண்ட்ரொயிட் 9 இலிருந்து ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: இரண்டு நிமிடத்துக்கு நாலு தேடல். அண்ட்ரொயிட் 10 முதல் உருவாக்குநர் தெரிவுகளில் அந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தலாம். நிறுத்தாவிட்டால் திரையில் தெரியும் இடம் அரை நிமிடம் பழையதாக இருக்கும். அந்த அரை நிமிடத்தில் ட்ரோன் கோட்டைக்கு வெளியே போயிருக்கவும் கூடும், உள்ளே வந்திருக்கவும் கூடும். இதனால்தான் திரையின் படத்தைச் சான்றாக ஏற்க வேண்டாம் என்கிறோம்.

ரிமோட் ஐடி வருமுன்பே டிஜேஐ தனக்கென ட்ரோன் ஐடி என்ற ஒலிபரப்பை வைத்திருந்தது. அது மறைகுறியாக்கப்படாமலே வருகிறது என்பதை 2023 இல் என்டிஎஸ்எஸ் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஜேர்மனியில் போஹும் நகரின் ரூர் பல்கலைக்கழகத்தையும் சிஸ்பா தகவற் பாதுகாப்பு நிலையத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டி, நிரலையும் வெளியிட்டார்கள். இதைப் பிடிக்க மென்பொருள் ரேடியோ (அலையை அப்படியே பதிந்து கணினியில் பிரித்துப் படிக்க உதவும் வாங்கி) தேவை. மாணவர்களிடம் உள்ள ஆர்டிஎல் எஸ்டிஆர் குச்சி 1.7 கிகாஹேட்ஸோடு நின்றுவிடும், உதவாது. ஹக்ஆர்எஃப் 6 கிகாஹேட்ஸ் வரை போகும், 20 மெகாஹேட்ஸ் அகலம் கேட்கும். சைகையில் தரவைப் பகிர்ந்து சுமக்கும் 600 துணையலைகள் 15 கிலோஹேட்ஸ் இடைவெளியில் இருக்கும். ஒரு தடவை அனுப்பும் சைகையின் நீளம் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு. செக்கனுக்கு 1.536 கோடி மாதிரி எடுத்தால் ஒரு நிமிடப் பதிவு 1.8 ஜீபியைத் தாண்டும். படிக்க முடியவில்லை என்றால் முதலில் வாங்கியின் அலைவெண்ணைத் தீர்மானிக்கும் படிகத்தைச் சந்தேகியுங்கள். பத்து இலட்சத்தில் 20 பங்கு விலகினால் 2440 மெகாஹேட்ஸில் அது 49 கிலோஹேட்ஸ். அதாவது மூன்று துணையலை தள்ளிப்போகும். சுழல் முன்னொட்டை (சைகைத் துண்டின் முன்னே அதன் வாலின் பிரதியாக வரும் பகுதியை) வைத்துத் திருத்தும் வழக்கமான முறை ஒரு துணையலைக்குள் உள்ள பிழையைத்தான் பிடிக்கும். மிச்சத்தை, சைகைக்குள் முன்கூட்டியே தெரிந்த வடிவமாக வரும் சாடோஃப்-சூ தொடரோடு ஒப்பிட்டே காண வேண்டும்.

போலி பற்றியும் சொல்ல வேண்டும். ரிமோட் ஐடிச் செய்தியில் சாதாரணமாக மின்னணுக் கையொப்பம் இல்லை. வைஃபையும் புளூடூத்தும் உள்ள இஎஸ்பி32 என்ற சிறு பலகை ஒன்று வைத்திருக்கும் எவரும் இல்லாத ட்ரோனை இருப்பதாகச் சொல்லலாம். உறுதிப்படுத்தும் செய்தி வகை ஒன்று தரநிலையில் உண்டு. அதற்கு இணையப் பொறியியல் பணிக்குழு 2024 இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 9575 போன்ற முறைகளும் உண்டு. நாம் பிடிக்கும் செய்திகளில் அதை எதிர்பார்க்க முடியாது. எனவே சைகையின் வலிமையையும் அது சொன்ன தூரத்தையும் ஒப்பிடுங்கள். மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் மூதூர்ப் பக்கக் கடலில் நிற்பதாகச் சொல்லும் ட்ரோன் கழித்தல் 40 இல் கேட்டால், அது சொல்லும் இடம் பொய்; 110 டெசிபெல் இழந்த அலை அப்படி வராது. சைகை குறைவாக இருப்பது மட்டும் பொய்க்குச் சான்றல்ல, இடையில் சுவர் இருக்கலாம். உங்கள் நிரலைச் சோதிக்க வேண்டுமென்று போலிச் செய்தியைக் காற்றில் விடாதீர்கள். ஓப்பன் ட்ரோன் ஐடியின் சி நூலகத்தில் செய்தியை ஆக்கும் பகுதியும் பிரிக்கும் பகுதியும் சேர்ந்தே இருக்கின்றன. கோப்பில் ஆக்கி, கோப்பிலிருந்தே பிரித்துப் பாருங்கள்.

இயக்குபவரின் இடம் பற்றியதே மிகக் கவலையான விடயம். வகை 4 செய்தியில் ஓர் அகலாங்கும் நெட்டாங்கும் வரும். அது எதைக் குறிக்கிறது என்பதை அச்செய்தியின் 1 ஆம் பைட்டின் (முதற் பைட்டு 0) கடைசி இரண்டு பிட்டுகள் சொல்லும்: 0 என்றால் ட்ரோன் புறப்பட்ட இடம், 1 என்றால் இயக்குபவர் இப்போது நிற்கும் இடம், 2 என்றால் முன்பே பதிந்த நிலையான இடம். 0 என்று வந்ததை "ஆள் இங்கே நிற்கிறான்" என்று முகநூலில் போட்டால், ட்ரோன் ஏறிய முற்றத்துக்குச் சொந்தக்காரரான, ஒன்றுமறியாத குடும்பத்தின் வாசலில் ஆட்கள் போய் நிற்பார்கள். அந்த இடத்தைப் பொதுவெளியில் எவரும் வெளியிடக் கூடாது என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு. பத்திரிகைகளும் வெளியிடக் கூடாது.

2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமான சேவைகள் சட்டத்தின் கீழ் ட்ரோன் விடயம் சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்கு உரியது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் அச்சபை ட்ரோன் பறப்பை முற்றாக இடைநிறுத்திய காலமும் இருந்தது. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால் அங்கே வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் பொறுப்புண்டு. அலைக்கருவிகளுக்கு 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் இருக்கிறது. ஹக்ஆர்எஃப் போல அனுப்பவும் வல்ல கருவியைத் தருவிக்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். ட்ரோனின் சைகையைக் குழப்பும் கருவியைத் தொடவே வேண்டாம். அது சட்டத்துக்கு மாறானது, அயலில் உள்ள வைஃபை அனைத்தையும் கெடுக்கும், கட்டுப்பாடிழந்த ட்ரோன் யாருடைய தலையில் விழும் என்றும் சொல்ல முடியாது. கோட்டைக்குள் இராணுவமும் துறைமுகத்தில் கடற்படையும் சீனக்குடாவில் விமானப்படையும் இருக்கும் ஊரில், கூரையில் புதிய அன்ரெனா ஏற்றுமுன் பொலிஸ் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்கிவைப்பது புத்தி.

தனியார் வீட்டுக் கூரையைவிடத் தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வுகூடமோ பாடசாலைத் தகவல் தொழில்நுட்பக் கூடமோ இதற்கு ஏற்ற இடம். பொறுப்பான ஆசிரியர் இருப்பார், பதிவு ஒருவர் கையில் முடங்காது, மாணவர்கள் பைட்டைப் பைட்டாகப் படிக்கப் பழகுவார்கள். நகரில் ஒன்று, உப்புவெளியில் ஒன்று, கொட்டியாரக்குடாவின் மறுகரையில் ஒன்று என்று மூன்று நிலையங்கள் இருந்தால், ஒரே செய்தி மூன்றிலும் எவ்வளவு வலிமையோடு விழுந்தது என்று ஒப்பிட்டுப் போலியையும் பிரிக்கலாம்.

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். ட்ரோன் பற்றிய முறைப்பாடு வந்தால் இவற்றைக் கேளுங்கள்: மூலப் பதிவுக் கோப்பு, கேட்ட கருவியும் அது நின்ற இடமும், வந்த வழி புளூடூத்தா வைஃபையா, சனல், சைகையின் வலிமை, எண்ணியில் எத்தனை தவறின, உயரம் எந்த வகை, நேரம் நமதா கிறீன்விச்சா, இயக்குபவர் இடத்தின் பிட் 0, 1, 2 இல் எது. கோப்பைப் பெற்ற அன்றே அதன் ஷா256 கைரேகை எண்ணை (கோப்பில் எது மாறினாலும் மாறிவிடும் எண்ணை) கணித்துக் குறித்துக்கொண்டு, கோப்பை அதிகார சபைக்கும் பொலிஸுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். தொடரிலக்கத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட அவர்களால்தான் முடியும்.

இப்படிக்கு,
கம்பியில்லாத் தொடர்பு ஆர்வலர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.